எண்பதாவது வருடம்

2007-ல் லண்டனில் ஒரு கட்டுமான நிறுவனம் 99 வருடக் குத்தகையில் விற்ற ஃப்ளாட்டுக்கு 2026-ல் மீதி இருப்பது 80 வருடம். 1981-ல், மார்கரெட் தாட்சர் அரசு கவுன்சில் வாடகைதாரர்களுக்குக் கொடுத்த வாங்கும் உரிமையின்படி, 125 வருடக் குத்தகையில் விற்கப்பட்ட ஃப்ளாட்டுக்கும் 2026-ல் மீதி 80 வருடம்தான். கால் நூற்றாண்டு இடைவெளியில் வேறு வேறு கைகள் விற்று, வேறு வேறு ஆட்கள் வாங்கிய இரண்டு வீடுகளும் ஒரே வருடத்தில் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. அந்தக் கோட்டைத் தாண்டினால், குத்தகையை நீட்டிக்கக் கொடுக்க வேண்டிய தொகை ஆயிரக்கணக்கான பவுண்டு ஏறிவிடும். வீட்டில் ஒரு செங்கல்கூட மாறியிருக்காது. சுவரில் இன்னொரு நாட்காட்டி ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் வீடுகள் இப்படிக் குத்தகையில் இருக்கின்றன. பெரும்பாலானவை அடுக்குமாடி ஃப்ளாட்டுகள். ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ, டூட்டிங், குரோய்டன் என்று தமிழர்கள் கூடி வாழும் பகுதிகளில் பல குடும்பங்களின் முதல் சொந்த வீடு இதுதான். கடைக்கு மேலே ஒரு ஃப்ளாட், அல்லது யாரோ கவுன்சிலிடம் வாங்கிப் பிறகு கைமாற்றிவிட்ட ஒரு ஃப்ளாட். இரண்டு வேலை பார்த்து, சீட்டுப் பிடித்து, வங்கிக் கடன் கட்டி முடித்த வீடு. கடன் முடிந்த நாளில் வீடு முழுசாகத் தங்களுடையது என்று நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் இங்கிலாந்துச் சட்டம் அப்படி நினைப்பதில்லை.

மண் இல்லாத வீடு

சென்னையில் ஃப்ளாட் பார்க்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது யூடிஎஸ் எவ்வளவு என்று. கட்டடம் நிற்கும் மனையில் பிரிபடாத ஒரு பங்கு பத்திரத்தில் அவர் பெயருக்கு வந்துவிடும். நாளைக்குக் கட்டடமே இடிந்தாலும் மண்ணில் பங்கு இருக்கிறது என்பது அவருக்கு ஒரு தைரியம். இங்கிலாந்தில் ஃப்ளாட் வாங்குபவருக்கு ஒரு பிடி மண்ணும் கிடையாது. இந்த நான்கு சுவருக்குள் இத்தனை வருடம் இருக்கலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம் என்கிற உரிமை மட்டும்தான் கைக்கு வருகிறது. மண்ணும், பெரும்பாலும் வெளிச்சுவரும் கூரையும், ஃப்ரீஹோல்டருக்குச் சொந்தம். அவருக்கு வருடா வருடம் அடிமனை வாடகை கட்ட வேண்டும். பராமரிப்புக் கட்டணம் தனி. குத்தகைக் காலம் முடிந்த அன்று வீடு அவரிடம் திரும்பிப் போகிறது. அதன் பிறகு அங்கேயே தொடர்ந்து குடியிருக்கச் சட்டம் இடம் கொடுத்தாலும், அது வாடகைக்கு இருப்பதாகத்தான்.

இதைவிடக் கொடுமையான ஒரு விதியும் உண்டு. அடிமனை வாடகையோ பராமரிப்புக் கட்டணமோ 350 பவுண்டுக்கு மேல் பாக்கி இருந்தால், அல்லது சிறு தொகையே ஆனாலும் மூன்று வருடத்துக்கு மேல் நிலுவையில் இருந்தால், குத்தகையையே ரத்து செய்யும்படி ஃப்ரீஹோல்டர் நீதிமன்றத்துக்குப் போகலாம். கடைசிவரை போகும் வழக்குகள் குறைவு. பாக்கியைக் கட்டி மீள நீதிமன்றம் வழி கொடுக்கும். ஆனாலும் மூன்று லட்சம் பவுண்டு வீட்டின் தலைக்கு மேல் 350 பவுண்டுக்காக ஒரு கத்தி தொங்குவதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் இப்படி ஓர் அமைப்பு? ஒரு காரணம் சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. சொந்த நிலத்தை விற்கும்போது, கூரையைப் பழுதுபார்ப்பது, பொதுச்சுவருக்குச் செலவு செய்வது போன்ற பணம் செலவாகும் கடமைகளை அடுத்தடுத்து வாங்குபவர்கள் தலையில் கட்ட முடியாது என்று 1885-ல் ஆஸ்டர்பெரி வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குத்தகையில் அந்தச் சிக்கல் இல்லை. யார் கைக்குப் போனாலும் குத்தகையின் நிபந்தனைகள் கூடவே போகும். ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவர் வாழும் கட்டடத்துக்கு அது வசதியாக இருந்தது.

அதைவிடப் பழைய காரணம் நிலப்பிரபுக்கள். 1677-ல் சர் தாமஸ் கிரோவ்னர், மேரி டேவிஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியை மணந்தபோது சீதனமாக வந்த சதுப்பு நிலமும் புல்வெளியும்தான் இன்றைய மேஃபேரும் பெல்கிரேவியாவும். செல்சியின் பெரும்பகுதி கேடகன் குடும்பத்துடையது. இவர்கள் நிலத்தை விற்கவில்லை. கட்டுகிறவருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அவர் தன் செலவில் வீடு கட்டினார், விற்றார், போனார். காலம் முடிந்ததும் மண்ணோடு வீடும் பிரபுவின் பேரனிடம் வந்து சேர்ந்தது.

சுரங்கத் தொழிலாளி கட்டிய வீடு

இந்த அமைப்பு செல்வந்தர்களுக்குள் மட்டும் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதன் அநியாயம் பளிச்சென்று தெரிந்தது தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சுரங்கம் திறந்த ஊர்களில் நிலம் எல்லாம் சில பெரிய குடும்பங்களின் கையில் இருந்தது. தொழிலாளர்கள் கூட்டுச் சங்கம் அமைத்து, கூலியில் மிச்சம் பிடித்து, 99 வருடக் குத்தகை மண்ணில் தங்கள் பணத்தில் வரிசை வீடுகள் கட்டிக்கொண்டார்கள். 1950-களிலும் 60-களிலும் அந்தக் குத்தகைகள் முடிவுக்கு வரத் தொடங்கின. தாத்தா கட்டிய வீட்டைப் பேரன் நிலக்காரரிடம் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அதே வீட்டில் வாடகைக்கு இருக்க வேண்டும். மண் மட்டும்தான் நிலக்காரருடையது. செங்கல், மரம், கூலி எதுவும் அவர் போட்டதல்ல.

ஹரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு 1967-ல் குத்தகைச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகத்தான். நீண்ட குத்தகையில் தனி வீடு வைத்திருப்பவர் மண்ணை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், அல்லது குத்தகையை 50 வருடம் நீட்டிக்கலாம் என்றது அந்தச் சட்டம். பெல்கிரேவியாவிலும் பல வீடுகள் இப்படிக் கைமாறின. கிரோவ்னர் குடும்பத் தலைவரான வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் அறங்காவலர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். தங்கள் சொத்துரிமை பறிக்கப்படுகிறது என்பது அவர்களுடைய வாதம். 1986-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீட்டின் பேரில் குடியிருப்பவருக்கு இருக்கும் தார்மீக உரிமையை ஒரு நாடாளுமன்றம் மதிப்பது சமூக நியாயத்துக்கு உட்பட்டதே என்றது. குத்தகை வீட்டுக்காரர்களின் போராட்டத்தில் இன்றும் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது.

ஃப்ளாட்டுகளுக்கு அந்த உரிமை வர 1993 ஆனது. கொண்டுவந்தது பழமைவாதக் கட்சி அரசு என்பது கவனிக்க வேண்டியது. அதை எதிர்த்து அன்றைய வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு அந்தக் கட்சியிலிருந்தே விலகினார். இன்றைக்கும் லண்டனில் ஒரு ஃப்ளாட்காரர் குத்தகையை நீட்டிக்கப் போனால், அவர் கையில் இருப்பது 1993-ஆம் ஆண்டுச் சட்டம்தான். மீதமிருக்கும் வருடங்களோடு இன்னும் 90 வருடம் சேர்த்துக்கொள்ளலாம். அடிமனை வாடகை அன்றோடு பூஜ்யம். ஃப்ரீஹோல்டருக்குப் பிடிக்கவில்லை என்றாலும், தகுதி இருந்தால் அவர் மறுக்க முடியாது. விலை எவ்வளவு என்பதில் மட்டும்தான் அவர் வாதாடலாம். அந்த விலைதான் இந்தக் கட்டுரையின் மையம்.

விலை எப்படிப் போடுகிறார்கள்

மூன்று தொகைகளின் கூட்டல் அது. முதலாவது, இனி வராமல் போகும் அடிமனை வாடகைக்கு ஈடு. இரண்டாவது, குத்தகை முடிந்ததும் வீடு தன் கைக்கு வரும் என்று காத்திருந்த ஃப்ரீஹோல்டர் இன்னும் 90 வருடம் காத்திருக்க வேண்டிவருவதற்கு ஈடு. மூன்றாவதைத்தான் மேரேஜ் வேல்யூ என்கிறார்கள். குத்தகையை நீட்டித்ததும் வீட்டின் சந்தை விலை ஏறும் அல்லவா? அந்த ஏற்றத்தில் சரிபாதி ஃப்ரீஹோல்டருக்கு. மீதி 80 வருடத்துக்கு மேல் இருந்தால் இந்த மூன்றாவது தொகையைச் சேர்க்கக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 80-க்குக் கீழே ஒரு நாள் இறங்கினாலும் சேர்க்கலாம். கோடு என்று சொன்னது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீண்ட குத்தகை இருந்தால் மூன்று லட்சம் பவுண்டு போகும் ஒரு ஃப்ளாட். அடிமனை வாடகை வருடத்துக்கு 200 பவுண்டு, கடைசிவரை ஏறாதது. எதிர்காலத்தில் கிடைக்கப்போகும் வீட்டின் இன்றைய மதிப்பைக் காண 5 சதவீதக் கழிவு. இது 2006-ல் ஸ்போர்டெல்லி வழக்கில் தீர்ப்பாயம் ஃப்ளாட்டுகளுக்கு வகுத்த விகிதம், இன்றும் பெரும்பாலும் அதுதான் நடைமுறை. வாடகை ஈட்டுக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

மீதி 81 வருடம் இருக்கும்போது விண்ணப்பித்தால் விலை ஏறக்குறைய 9,000 பவுண்டு. இரண்டே வருடம் கழித்து, 79-ல் விண்ணப்பித்தால் சுமார் 13,000. இந்த 4,000 பவுண்டு வித்தியாசத்தில் பெரும்பகுதி மேரேஜ் வேல்யூவின் வேலை. 75-ல் 16,000. 60-ல் 33,000-ஐத் தாண்டிவிடும். குறைந்த குத்தகையோடு வீடு என்ன விலை போகும் என்பதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது 79-ல் 94.5 சதவீதம், 75-ல் 93, 60-ல் 84. மதிப்பீட்டாளருக்கு மதிப்பீட்டாளர் இது மாறும். சண்டை வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அந்தச் சண்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீட்டிக்கும் உரிமையே இல்லாத ஓர் உலகத்தில் இந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்று கற்பனை செய்துதான் குறைந்த குத்தகையின் மதிப்பைச் சட்டம் கணக்கிடச் சொல்கிறது. அப்படி ஓர் உலகம் 1993-க்குப் பிறகு இல்லை. அதனால் பழைய விற்பனைகளையும் தீர்ப்புகளையும் வைத்து மதிப்பீட்டு நிறுவனங்கள் வரைபடங்கள் வரைந்திருக்கின்றன. அவற்றில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவை மத்திய லண்டனின் விலையுயர்ந்த தெருக்களிலிருந்து வந்தவை. 2018-ல் மண்டி என்ற வழக்கில், விலைகளைப் புள்ளிவிவர முறையில் அலசிய பார்த்தீனியா என்ற மாதிரியை வைத்துக் குத்தகைக்காரர்கள் வாதாடினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் எத்தனையோ பேருக்கு விலை கணிசமாக இறங்கியிருக்கும். நிஜத்தில் இல்லாத ஓர் உலகத்தின் சந்தை விலைக்காக நிஜக் குடும்பங்கள் நிஜப் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

மேரேஜ் வேல்யூவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் எனக்குத் தெரியும். இரண்டு பேர் கூடினால்தான் பிறக்கும் மதிப்பு அது, அதனால் இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வதே நியாயம் என்பார்கள். ஆனால் அந்த இருவரில் ஒருவருக்கு அது முதலீடு. இன்னொருவருக்கு இருக்கும் ஒரே கூரை. நீட்டிக்காவிட்டால் முதலாமவருக்கு ஒன்றும் குறையாது, நாளாக ஆக அவருடைய பங்கு வளரும். மற்றவருக்கோ விற்கும் வழியே அடைபடும். மீதி 70 வருடத்துக்குக் கீழே போனால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். அப்புறம் கையில் ரொக்கம் வைத்திருப்பவர் கேட்கும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டிவரும். வேறு போக்கிடம் இல்லாதவரோடு செய்யும் பேரத்தைச் சமபங்கு என்று சொல்ல முடியாது.

நோட்டீஸ் முதல் பதிவு வரை

முதல் வேலை, குத்தகைப் பத்திரத்தை எடுத்து இரண்டு தகவல்களைப் பார்ப்பது: காலம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது, மொத்தம் எத்தனை வருடம். வாங்கிய தேதியிலிருந்து கணக்குப் போடுவது பலரும் செய்யும் தவறு. 2015-ல் வாங்கிய ஃப்ளாட்டின் குத்தகை 1988-லேயே தொடங்கியிருக்கலாம். கவுன்சில் கட்டடங்களில், அந்தக் கட்டடத்தில் முதன்முதலாக விற்ற ஃப்ளாட்டின் தேதியிலிருந்தே எல்லாருக்கும் காலம் ஓடுவது வழக்கம். பத்திரம் கையில் இல்லையென்றால் நிலப்பதிவு அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி நகல் எடுக்கலாம்.

அடுத்து, இந்தத் துறையில் பழக்கம் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவரையும் சொலிசிட்டர் ஒருவரையும் பிடிக்க வேண்டும். வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்துக் கொடுத்த அதே சொலிசிட்டர் போதும் என்று இருந்துவிடக் கூடாது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் நாம் கொடுக்க முன்வரும் தொகை இருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த தேதிதான் விலை கணக்கிடும் தேதி. அதாவது 80 வருடமும் ஒரு வாரமும் மீதி இருக்கும்போது நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டால், பேச்சுவார்த்தை ஒரு வருடம் இழுத்தாலும் மேரேஜ் வேல்யூ கேட்க முடியாது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு இதைவிட முக்கியமான தகவல் வேறு இல்லை.

நோட்டீஸுக்குப் பிறகு, வைப்புத்தொகையாக நாம் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்கையோ 250 பவுண்டையோ, எது அதிகமோ அதை, ஃப்ரீஹோல்டர் கேட்கலாம். அவருக்குப் பதில் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம். அந்தக் கெடுவுக்குள் முறையான பதில் வராவிட்டால், நாம் நோட்டீஸில் சொன்ன நிபந்தனைகளிலேயே நீட்டித்துத் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். பதில் வந்து விலையில் ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயம். அதற்கும் ஆறு மாதக் கெடு உண்டு. தவறவிட்டால் நோட்டீஸ் செத்துவிடும். மறுபடி போட ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அந்த ஒரு வருடத்தில் விலை ஏறும். நம்முடைய செலவு போக, ஃப்ரீஹோல்டரின் நியாயமான வக்கீல் கட்டணத்தையும் மதிப்பீட்டுக் கட்டணத்தையும் நாம்தான் கட்ட வேண்டும் என்பது இன்னும் நடைமுறையில் உள்ள விதி. ஃப்ரீஹோல்டர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத வீடுகளும் உண்டு. அப்போது நீதிமன்றம் அவர் இடத்தில் நின்று உத்தரவு கொடுக்கும்.

வீட்டை விற்கப் போகிறவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. விற்பவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வீட்டோடு அந்த உரிமையையும் வாங்குபவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். முன்பெல்லாம் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆனால்தான் நீட்டிக்கக் கேட்க முடியும் என்பதால் இதற்கு மிகுந்த தேவை இருந்தது. அந்த இரண்டு வருட விதி 2025 ஜனவரி 31-ஆம் தேதி நீக்கப்பட்டது. இப்போது வாங்கிப் பதிவு செய்ததுமே கேட்கலாம். குறைந்த குத்தகை உள்ள வீட்டைப் பார்த்து, நீட்டிப்புச் செலவைக் கழித்துப் பேரம் பேசி வாங்க நினைக்கும் இளம் தம்பதிகளுக்கு இது உண்மையான உதவி. ஆனால் கையெழுத்துப் போடும் முன் மதிப்பீட்டாளரிடம் அந்தச் செலவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு ஏஜென்ட் சொல்லும் தொகையை நம்பக் கூடாது.

நோட்டீஸ் எல்லாம் வேண்டாம், நேராகப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஃப்ரீஹோல்டரிடமிருந்து கடிதம் வருவதும் உண்டு. விலை குறைவாகத் தோன்றும், கையெழுத்திடச் சில வாரமே அவகாசம் கொடுத்திருப்பார்கள். படித்துப் பார்த்தால், 90 வருடம் சேர்ப்பதற்குப் பதில் மொத்தக் காலத்தை 99-ஆகவோ 125-ஆகவோ மாற்றித் தருவதாக இருக்கும். பழைய காலம் முடியும்வரை அடிமனை வாடகையும் தொடரும். 2022-க்கு முன் இப்படி நீட்டித்தவர்கள் பலர், பத்து வருடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் வாடகையில் மாட்டிக்கொண்டார்கள். 2022 ஜூன் 30 முதல் அமலுக்கு வந்த சட்டம் அந்த வாசலை அடைத்தது: புதிதாக எழுதும் குத்தகைகளில் அடிமனை வாடகை கூடாது, நேரடியாகப் பேசி நீட்டித்தாலும் கூடுதலாகக் கிடைக்கும் வருடங்களுக்கு வாடகை கிடையாது. நேரடிப் பேச்சு எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கவுன்சில்களும் வீட்டுச் சங்கங்களும் நியாயமாக முடித்துக் கொடுப்பது உண்டு. ஆனால் நேரடிப் பேச்சில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு எதுவும் கிடையாது. எழுத்தில் முடியும்வரை அவர் எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம். இழுத்தடிக்கும் மாதங்களில் 80 கடந்துவிடலாம். பேச்சு நடக்கும்போதே நோட்டீஸும் கொடுத்துவைப்பது புத்திசாலித்தனம்.

அண்டை வீட்டார் ஒத்துவந்தால், கட்டடத்தில் குறைந்தது பாதி ஃப்ளாட்காரர்கள் சேர்ந்து மண்ணையே வாங்கிவிட முடியும். சட்டப்படி அதுவும் உரிமைதான். நான்கைந்து ஃப்ளாட் உள்ள பழைய விக்டோரிய வீடுகளில் நிறைய நடக்கிறது. இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஃப்ரீஹோல்டில் பங்கு வந்துவிட்டால் குத்தகை தானாக மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மறையாது. பங்கு வேறு, குத்தகை வேறு. இப்போது நிலக்காரர்களும் அவர்களே என்பதால் ஒருவருக்கொருவர் பணம் வாங்காமல் 999 வருடத்துக்கு எழுதிக்கொள்ளலாம், ஆனால் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டு, விற்கும்போது 62 வருடம்தான் மீதி என்று கண்டுபிடித்து, கூட்டாளி ஒருவரோடு மனத்தாங்கல் என்பதால் கையெழுத்து கிடைக்காமல் தவிப்பது நடக்கிறது.

அந்த 999 தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. 1886-ல் முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் ஆங்கிலேய அரசு எழுதி வாங்கிய குத்தகையின் காலமும் அதுவே. மான்செஸ்டர் பக்கத்தில் 999 வருடக் குத்தகை வீடுகள் நிறைய உண்டு. அந்த வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கட்டுரையால் பயன் இல்லை. 99-ம் 125-ம் வைத்திருப்பவர்களின் பாடுதான் பாடு.

வாக்குறுதி எங்கே நிற்கிறது

சட்ட ஆணையம் பல வருட ஆய்வுக்குப் பிறகு 2020-ல் பரிந்துரைகளைக் கொடுத்தது. 90-க்குப் பதில் 990 வருடம், வாடகை இல்லாமல் என்பது அவற்றில் ஒன்று. 2024 மே 24-ஆம் தேதி, பொதுத் தேர்தல் அறிவிப்பு வந்த அவசரத்தில், நாடாளுமன்றம் கலைவதற்குச் சற்று முன் ஒரு சட்டம் நிறைவேறியது. நீட்டிப்பு 990 வருடம். மேரேஜ் வேல்யூ ஒழிக்கப்படும். விலைக் கணக்கில் சேரும் அடிமனை வாடகை வீட்டு மதிப்பில் 0.1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஃப்ரீஹோல்டரின் செலவைக் குத்தகைக்காரர் கட்டும் வழக்கமும் பொதுவாகப் போய்விடும். செய்தி வந்த அன்று பலரும் எல்லாம் முடிந்தது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

சட்டம் நிறைவேறுவதும் நடைமுறைக்கு வருவதும் வேறு வேறு. மேலே சொன்னவற்றில் எதுவும் இதை எழுதும்போது அமலில் இல்லை. இரண்டு வருட விதி போனது, கட்டட நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையில் 2025 மார்ச்சில் சில தளர்வுகள் வந்தன. விலையைத் தொடும் பிரிவுகள் காத்திருக்கின்றன. கிரோவ்னர், கேடகன் போன்ற பழைய எஸ்டேட்டுகளும் அடிமனை முதலீட்டு நிறுவனங்களும் இந்தப் பிரிவுகள் தங்கள் சொத்துரிமையை மீறுவதாக வழக்குப் போட்டன. 1986-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்ற அதே வாதம். 2025 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது.

2025 மார்ச்சில் தொழிற்கட்சி அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை இன்னும் தூரம் போகிறது. புதிதாகக் கட்டும் ஃப்ளாட்டுகளைக் குத்தகையில் விற்பதை நிறுத்தி, காமன்ஹோல்ட் என்ற முறைக்கு மாற வேண்டும் என்கிறது. ஃப்ளாட் அவரவருக்கு, காலக்கெடு இல்லாமல். பொதுப்பகுதி எல்லாருக்கும் சேர்த்து. நம் ஊர் முறைக்குப் பக்கத்தில் வரும் அமைப்பு. 2004-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதன்படி உருவான கட்டடங்கள் இருபதுகூட இல்லை. 2022 வரை கட்டுகிறவருக்குக் குத்தகையில் விற்றால் வீட்டு விலையும் கிடைத்தது, வாடகை வரும் அடிமனையைத் தனியாக விற்ற பணமும் கிடைத்தது எனும்போது அவர் ஏன் மாறியிருப்பார்? தடை போட்டால்தான் மாறுவார். எது எப்படியோ, புதுக் கட்டடத்துக்கான தடை ஏற்கெனவே குத்தகையில் இருக்கும் 50 லட்சம் வீடுகளின் கடிகாரத்தை நிறுத்தாது.

காத்திருப்பதா, இப்போதே செய்வதா

குத்தகைக்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை.

மீதி 80-க்குச் சற்று மேலே இருந்தால், என் எண்ணத்தில், சட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. இன்றைய விதியிலேயே மேரேஜ் வேல்யூ இல்லை. புதுச் சட்டத்தால் கிடைக்கும் லாபம் சிறிது. அது வரும் முன் கோட்டைத் தாண்டிவிட்டால் நஷ்டம் பெரிது. 70-க்கும் 80-க்கும் நடுவில் இருந்து, விற்கும் எண்ணமோ கடனைப் புதுப்பிக்கும் தேவையோ இல்லாதவர் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. மேரேஜ் வேல்யூ போனால் அவருக்கு ஆயிரக்கணக்கில் மிச்சம். 60-க்குக் கீழே இருப்பவருக்கு அந்த மிச்சம் இன்னும் பெரிது, ஆபத்தும் பெரிது. அவர் விற்கவும் முடியாமல், கடன் வாங்கவும் முடியாமல் மந்திரியின் கையெழுத்துக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். வயதானவர்கள், உடம்புக்கு முடியாமல் பிள்ளைகள் பக்கத்தில் போய் இருக்க நினைப்பவர்கள், விவாகரத்தில் வீட்டைப் பிரிக்க வேண்டியவர்கள் எல்லாம் காத்திருக்கும் வசதி இல்லாதவர்கள். அவர்களிடமிருந்து மேரேஜ் வேல்யூ இன்றும் முழுசாக வசூலாகிக்கொண்டிருக்கிறது, அது அநியாயம் என்று நாடாளுமன்றமே ஓட்டுப் போட்டுச் சொன்ன பிறகும்.

நிச்சயம் இல்லாத இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதுச் சட்டப்படி, எதிர்கால மதிப்பை இன்றைக்குக் கொண்டுவரும் கழிவு விகிதத்தை அமைச்சர் தீர்மானித்து அறிவிப்பார். நம் உதாரண ஃப்ளாட்டையே எடுத்துக்கொள்வோம். 75 வருடம் கழித்து ஃப்ரீஹோல்டர் கைக்கு வரும் மூன்று லட்சத்தின் இன்றைய மதிப்பு 5 சதவீதத்தில் சுமார் 7,700 பவுண்டு. 4 சதவீதம் என்று அறிவித்தால் 15,800. ஒரே ஒரு சதவீதத்தில் இரண்டு மடங்கு. அப்படி நடந்தால் மேரேஜ் வேல்யூவை ஒழித்ததால் வந்த லாபம் முழுவதும் போய்விடும், 80-க்கு மேலே இருப்பவர்கள் இன்றைக்குக் கொடுப்பதைவிட அதிகம் கொடுக்க நேரும். எஸ்டேட்டுகளின் வக்கீல்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். விகிதம் பற்றி அரசு கருத்துக் கேட்கும்போது அவர்களுடைய அறிக்கை தடிமனாக, புள்ளிவிவரத்தோடு போய்ச் சேரும்.

குத்தகைக்காரர்கள் பக்கத்திலிருந்தும் போக வேண்டும். அரசு நிதியில் நடக்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. தனிப்பட்ட நீட்டிப்புக்கு அங்கே கேட்கலாம். ஆனால் விகிதம் தனிமனிதர் பேரம் பேசித் தீரும் விஷயம் அல்ல. அதற்கு எழுத வேண்டியது தொகுதி எம்.பி.க்கு. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தமிழர் ஓட்டுக்காகப் பொங்கல் விழாவுக்கு வந்து போகும் எம்.பி.க்களிடம் கேட்பதற்குத் திட்டவட்டமான இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விலைப் பிரிவுகள் எந்தத் தேதியில் அமலுக்கு வரும்? 5 சதவீதத்துக்குக் கீழே விகிதத்தை அமைச்சர் இறக்கினால் நீங்கள் ஆதரிப்பீர்களா, எதிர்ப்பீர்களா?